வீட்டுக்கு 3 கிலோவாட், கடைக்கு 20 கிலோவாட்: திருச்சியில் சூரிய மின்சாரத்தின் இரு கணக்குகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2020ஆம் ஆண்டு 3 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் பேனல்களைப் பொருத்தினோம். அடுத்த இரண்டு ஆண்டுகளில், குடும்பத்துக்குச் சொந்தமான மூன்று மாடி வணிகக் கட்டடத்தின் மேல் 20 கிலோவாட் வந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு மொத்த விற்பனைக் கடையும் இரண்டு அலுவலகங்களும் இயங்குகின்றன. இரண்டு இடங்களிலும் பேனல்களோடு இணைந்த பேட்டரி கிடையாது. மின்வாரிய இணைப்போடு சேர்ந்தே இயங்கும் ஆன்-கிரிட் அமைப்புதான். பேனல்கள் இரு கூரைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஆனால் கையில் மிஞ்சும் பணம் அப்படியல்ல. அதனால்தான், விற்பனையாளர்கள் ஒரே தாளில் எழுதித் தரும் 'இத்தனை ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும்' என்ற கணக்கை எல்லாக் கட்டடத்துக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

வீட்டுக் கணக்கு முழுவதும் மின்கட்டணப் படிநிலையில் அடங்கியிருக்கிறது. நம் பகுதியில் ஒரு கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையின் ஒரு பகுதியும் பறிபோகிறது. 1000 யூனிட்டுக்கு மேலே போனால் ஒரு யூனிட் 11 ரூபாய்க்கும் அதிகம். ஆகவே இரண்டு ஏசிகளோடு 900 யூனிட் செலவழிக்கும் வீட்டில், சூரிய மின்சாரம் கழித்துவிடுவது பட்டியலின் மிக விலையுயர்ந்த மேல்பகுதியைத்தான். மீதமுள்ள 180 யூனிட்டுக்கு வரும் கட்டணம் பொருட்படுத்தத் தக்கதன்று. மாறாக, 250 யூனிட்டோடு நின்றுவிடும் வீட்டார் பேனல் வைத்தால் இரு மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான் மிச்சமாகும். அப்படிப்பட்ட உறவினர் சிலர் என்னிடம் யோசனை கேட்டபோது, அவசரமில்லை என்றே சொல்லியிருக்கிறேன்.

வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகமாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவியான எங்கள் இன்வர்ட்டரின் செயலி ஆண்டுதோறும் காட்டுவது வேறு. மாசியிலும் பங்குனியிலும் உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது. கத்திரி வெயிலில் சற்றே இறங்குகிறது. பேனலின் திறன் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளக்கப்படுவது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும். மே மாத நண்பகலில் கண்ணாடியின் மேல் 60 டிகிரியைத் தாண்டும்போது, இழப்பு பத்து விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களின் சரிவு எதிர்பார்த்ததுதான். சாய்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருச்சி ஏறக்குறைய 10.8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. தெற்கு நோக்கிய பத்துப் பதினொரு டிகிரிச் சாய்வே இங்கே போதும். வட இந்தியப் படங்களைப் பார்த்துச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டியதில்லை. ஆடிக்காற்றுக்கும் அது நல்லது, ஏனெனில் நிமிர்ந்த பேனலைக் காற்று தூக்கப் பார்க்கும்.

பராமரிப்பில் பெரிய விஷயம் தண்ணீர்தான். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால், காய்ந்தபின் வெள்ளைப் படலம் படிந்து எளிதில் போவதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் கொண்டு, வெயில் ஏறுமுன் மெல்லிய துடைப்பானால் துடைப்பது போதுமானது. தூசியைக் காட்டிலும் காக்கை எச்சம் மோசமானது. ஒரே இடத்தில் ஒளியை மறைத்து அந்தப் பகுதியைச் சூடாக்குகிறது. அதுபோலவே, வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியில் அது தெரியும்.

மின்வெட்டின்போது இந்தப் பேனல்களால் வீட்டில் விளக்கு எரியாது. கம்பியில் வேலை செய்யும் பணியாளர்களின் பாதுகாப்புக்காக, வெளியே மின்சாரம் நின்றதும் சூரிய இன்வர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. உச்சி வெயிலில் பேனல் சும்மா கிடக்க, பழைய பேட்டரி இன்வர்ட்டரில் மின்விசிறி ஓடுவதைக் கண்டு விருந்தினர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

கடையின் கணக்குக்கு வருவோம். வணிக இணைப்பில் இலவச யூனிட் இல்லை; கட்டணமும் அதிகம். ஏசியும் விளக்கும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலைவரை ஓடுவதால், உற்பத்தியாகும் மின்சாரம் அங்கேயே, அப்போதே செலவாகிறது. இவ்வளவு பொருத்தம் வீட்டில் கிடைக்காது. ஆனால் வீட்டுக்கு உள்ள நெட் மீட்டரிங், அதாவது அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டோடு நேராகக் கழிக்கும் முறை, கடைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும் உபரிக்கு, நாம் வாங்கும் விலையைவிடக் குறைந்த விலையே வரவு வைக்கப்படுகிறது. இதற்குமேல், உற்பத்திக்கு நெட்வொர்க் கட்டணமும், அதாவது மின்வாரியக் கம்பி அமைப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணமும் உண்டு. எனவே கூரையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத் திறனை முடிவு செய்யாமல், வேலை நாளில் பகல்நேரத் தேவை எவ்வளவு என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விலைப்பட்டியலில் யாரும் எழுதாத இன்னொரு செலவு, மின் காரணியால் (பவர் ஃபேக்டர்) வருவது. கம்பியிலிருந்து இழுக்கும் மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பகுதி எவ்வளவு என்பதைக் காட்டும் விகிதம் அது. பேனல்கள் அந்த வேலை செய்யும் மின்சாரத்தைத் தந்துவிடுகின்றன. ஏசிகளும் மோட்டார்களும் காந்தப்புலத்துக்காக இழுத்துத் திருப்பி விடும், வேலை செய்யாத ரியாக்டிவ் பகுதியோ தொடர்ந்து மின்வாரியக் கம்பியிலிருந்தே வருகிறது. அதனால் மீட்டரில் பதிவாகும் மின் காரணி, சூரிய மின்சாரம் வந்த பிறகு முன்பைவிடக் குறைந்து தெரியும்; பெரிய இணைப்புகளுக்கு அதற்கு அபராதமும் விழும். ரியாக்டிவ் பகுதியை அங்கேயே ஈடுசெய்யும் தானியங்கி கெப்பாசிட்டர் பெட்டியைச் சரியான அளவில் வைத்ததும் எங்கள் மின்கட்டணப் பட்டியலில் அந்த அபராதம் நின்றது. டீசல் ஜெனரேட்டர் உள்ள கட்டடமானால், சூரிய மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியையும் முதல் மதிப்பீட்டிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

இன்று தொடங்குவோருக்கு நிலைமை எளிது. 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் பேனல்களுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. கடைக்கு இந்த மானியம் இல்லை. வருமான வரியில் தேய்மானக் கழிவு உண்டு என்பதால் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேனல் 25 ஆண்டு உழைக்கும், இன்வர்ட்டர் அவ்வளவு உழைக்காது. எங்கள் வீட்டு இன்வர்ட்டரை மாற்றும் வேளை வரும்போது, பேட்டரி சேர்க்கக்கூடிய ஹைப்ரிட் வகையை வாங்குவதாக இருக்கிறோம். கடையில் இப்போதுள்ள 20 கிலோவாட்டே பகல் தேவைக்குச் சரியாக இருப்பதால், கூரையில் இன்னும் இடமிருந்தும் கூட்டவில்லை.