ப்ரீபெய்டு சர்வீஸ் பிளான்: ஷோரூமிலேயே கட்டுவதா, போகப் போகக் கட்டுவதா?

மச்சான் ஷோரூமில் உட்கார்ந்தபடியே போன் செய்தார். பெட்ரோல் காம்பாக்ட் எஸ்யூவி, மேனுவல். கலர் முதற்கொண்டு எல்லாம் முடிவாகிவிட்டது. கொட்டேஷனில் இன்ஷூரன்ஸுக்கும் ஆக்சசரிக்கும் நடுவில் சர்வீஸ் பிளான் என்று 31,000 ரூபாய்க்கு ஒரு வரி இருக்கிறது, "நாலு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், பெட்ரோல் மட்டும் போட்டா போதும் சார்" என்கிறார் சேல்ஸ் பையன், எடுக்கலாமா என்று கேட்டார். கையெழுத்து போடாமல் வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. பெட்ரோல் மட்டும் போட்டால் போதும் என்பது உண்மையில்லை. சாதாரண ப்ரீபெய்டு பிளானில் வருவது ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் என்று ஓனர்ஸ் மேனுவலில் 'இத்தனை கிலோமீட்டரில் மாற்றவும்' என்று அச்சடித்திருக்கும் சாமான்களும் அதற்கான லேபரும்தான். டயர், பேட்டரி கிடையாது. ஏதாவது பழுதானால் அது வாரண்டியின் வேலை, வாரண்டி முடிந்த பிறகு எக்ஸ்டெண்டட் வாரண்டியின் வேலை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நடந்த மாதிரி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பதால், எதற்குப் பணம் கட்டுகிறோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது கணக்கு. அதே சர்வீஸ் சென்டரில் இன்றைய விலையைக் கேட்டு வாங்கினோம். முதல் வருஷ சர்வீஸில் லேபர் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் 3,500 (ஃப்ரீ சர்வீஸ் என்றாலும் ஆயில் காசு நம்முடையதுதான்). இரண்டாவது 7,500, மூன்றாவது 6,000, பிளக் எல்லாம் மாற்றும் நாலாவது 10,500. ஆக 27,500. விலை வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறும் என்று தாராளமாகவே வைத்து, இரண்டாம் வருஷத்திலிருந்து அதையும் சேர்த்தால் சுமார் 31,250 வருகிறது. பிளான் 31,000. அட, சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றும், மச்சானுக்கும் தோன்றியது. ஆனால் ஒரு பக்கம் முழுப் பணத்தையும் இன்றே கொடுக்கிறோம், இன்னொரு பக்கம் நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம், இரண்டும் ஒன்றாகுமா? அதே 31,000-ஐ 6.5 சதவீத வட்டியில் பேங்கில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதிலிருந்தே எடுத்துக் கட்டினால், நாலாவது சர்வீஸ் முடிந்த பிறகும் ஆறாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கும்.

இதைவிட மோசமான வழியும் இருக்கிறது, பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்: பிளானை ஆன்ரோடு விலையோடு சேர்த்து லோனில் ஏற்றிவிடுவது. மாதம் 643 ரூபாய்தான் சார் கூடுகிறது என்பார்கள். 9 சதவீத வட்டிக்கு 5 வருஷம் கட்டினால் அந்த 31,000 ரூபாய் பிளான் 38,600 ஆகிறது. நாலு வருஷத்தில் பிளான் முடிந்துவிடும், அதற்கான இஎம்ஐ இன்னும் ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கும்.

விலையேற்றத்திலிருந்து பாதுகாப்பு என்பதுதான் பிளான் பக்கத்தில் இருக்கும் நியாயமான வாதம். பொதுவாகச் சரிதான். ஆனால் விலை ஒரே பக்கமாகவே போகும் என்று எழுதி வைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. ஒவ்வொரு தடவையும் பில் கட்டுகிறவருக்கு அந்த லாபம் உடனே கிடைக்கும், முன்பணம் கட்டியவர் ஏற்கெனவே கட்டியது கட்டியதுதான்.

அப்புறம் நாம் எவ்வளவு ஓட்டுகிறோம் என்பது. 'வருஷம் அல்லது கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ' என்ற வரியில்தான் எல்லாமே இருக்கிறது. வருஷத்துக்கு 20,000 ஓட்டுகிறவருக்கு நாலு வருஷ பிளான் இரண்டே வருஷத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் விலை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் பாதுகாப்பும் பெரிதாக இல்லை. மச்சான் மாதிரி வருஷத்துக்கு ஆறாயிரம் ஓட்டுகிறவருக்கு நாலு வருஷமும் கிடைக்கும், ஆனால் கார் ஓடியிருப்பது 24,000-தான். பிளக் நன்றாகத்தான் இருக்கிறது சார் என்று விட்டுவிடுவார்கள், ஏர் ஃபில்டரை ஊதி மறுபடி மாட்டிவிடுவார்கள். பில் போட்டுக் காசு கட்டும்போது மாற்றாத சாமானுக்குக் காசு இல்லை, பிளானில் அந்தக் காசு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

தேய்மானச் சாமான்களையும் சேர்த்துக்கொள்ளும் பிளான்கள் வேறு ரகம். ஹூண்டாய் 'ஷீல்டு ஆஃப் டிரஸ்ட்' என்ற பெயரில் விற்பது இந்த வகை: பிரேக், கிளட்ச், வைப்பர் எல்லாம் வரும். சென்னை ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் தினமும் ஊர்ந்து வேலைக்குப் போகிறவர் இதை யோசிக்கலாம், பிரேக் பேட் நிச்சயம் ஒரு தடவை மாற்ற வேண்டிவரும். கிளட்ச் கதை வேறு. கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கம் இல்லாதவருக்கு அது சாதாரணமாக 60,000 கிலோமீட்டர் தாண்டித் தாங்கும், பிளான் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

போன காருக்கு நானே ஒரு பிளான் எடுத்து ஏமாந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் கார் கம்பெனி லோகோ இருந்தது, ஆனால் பிளான் டீலருடைய சொந்த பிளான். வேலை மாற்றலாகி வேறு ஊர் போனதும் அங்கிருந்த சர்வீஸ் சென்டரில் சிஸ்டத்தில் ஒன்றும் காட்டவில்லை என்றார்கள். மீதி இரண்டு சர்வீஸும் போச்சு. அதற்கு முந்தைய சர்வீஸிலும் 'பிளான்ல இருக்கு, நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்' என்று காரை வாங்கி வைத்துக்கொண்டு, ஏசி கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், பிரேக் கிளீனிங் என்று ஜாப் கார்டில் ஏற்றி 4,200 வாங்கிவிட்டார்கள். பிளானுக்கு வெளியேதான் பில் வளர்கிறது, பிளான் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் அந்தப் பகுதி ஒன்றுதான். ஆகவே எடுப்பதாக இருந்தால், கம்பெனி பிளானா, இந்தியா முழுக்கச் செல்லுமா, காரை விற்றால் வாங்குகிறவருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியே கிளம்பிவிடுவதும் நடக்காத காரியமில்லை, சென்னை அருகே மறைமலைநகரில் கார் தயாரித்துக்கொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்ததே.

மூன்றாவது வழி, வெளி மெக்கானிக். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: வாரண்டி முடியும்வரை வேண்டாம், முடிந்த பிறகு தாராளமாகப் போகலாம். ஹூண்டாயில் வாரண்டி 3 வருஷம், மாருதியும் 2024 ஜூலையிலிருந்து 3 வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று ஆக்கிவிட்டது. அதுவரை கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு அறுபடாமல் இருக்க வேண்டும். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்காதவர் நாலாவது வருஷத்தில் நல்ல வெளி கராஜில் பாதிச் செலவில் முடித்துக்கொள்ள வழி இருக்கும்போது, இன்றே அந்த வருஷத்துக்கும் சேர்த்து ஷோரூம் விலையைக் கட்டி வைப்பானேன்? வெளிக் கடைகளுக்கு ஒரிஜினல் சாமான் கிடைக்காமல் தடுத்ததாகச் சொல்லி 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் (சிசிஐ) 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது, வழக்கு அப்பீலுக்கும் போனது. இப்போது ஒரிஜினல் ஃபில்டரும் பிரேக் பேடும் வெளியிலேயே வாங்க முடிகிறது.

எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் இத்தனையும் படித்திருக்க வேண்டியதே இல்லை. இன்ஜின் ஆயிலும் பிளக்கும் இல்லாத காருக்குச் சாதாரண சர்வீஸ் பிளானில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது.

அப்படியானால் யார்தான் எடுக்கலாம்? ஒரு சர்வீஸுக்கே இருபதாயிரம் இழுக்கும் ஐரோப்பிய கார்காரர்கள், கம்பெனி செலவில் கார் ஓட்டுகிறவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்குக் கார் வாங்கிக் கொடுக்கிறவர்கள். கடைசியில் சொன்னவர்களுக்கு லாப நஷ்டம் முக்கியமில்லை, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பெரியவர் கவுண்டரில் நின்று பில்லைப் பற்றி வாதாட வேண்டாம் என்பதற்கே அந்தப் பணம் தகும்.

மச்சான் கணக்குப்படி வட்டியையும் கழித்துப் பார்த்தால் பிளானின் இன்றைய மதிப்பு 26,000. அதற்குக் கீழே வந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் பேங்கில் மாதாமாதம் ஆர்டி (ரெக்கரிங் டெபாசிட்) போடுங்கள் என்றேன். மறுநாள் போய்ப் பேசினார். 27,500 வரை இறங்கினார்கள், அதற்கு மேல் மேனேஜர் அசையவில்லை. பிளான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃப்ளோர் மேட்டும் மட்ஃபிளாப்பும் சும்மா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.