இரண்டாவது தூக்கத்தின் விலை: சிங்கப்பூர்–நெவார்க் பிசினஸ் வகுப்பும் மூன்றாம் முனைய லவுஞ்சும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதியின் நெவார்க், ஜேஎஃப்கே விமான நிலையங்களுக்கு எங்கும் நிற்காமல் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் எகானமி வகுப்பே கிடையாது என்பதை, பயணச்சீட்டின் விலையைக் கண்டு திகைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அந்த நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏர்பஸ் ஏ350-900 விமானத்தில் 253 பேர் பயணம் செய்யலாம். இத்தகைய மிக நீண்ட வழித்தடங்களுக்கென்றே வாங்கப்பட்ட ஏழு ஏ350-900 யுஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச்) விமானங்களில் 161 பேருக்குத்தான் இடம் உண்டு: பிசினஸில் 67 பேர், பிரீமியம் எகானமியில் 94 பேர். சாதாரண வகை ஏறத்தாழ 1,41,000 லிட்டர் எரிபொருளைச் சுமந்தால் இந்த வகை 1,65,000 லிட்டர் வரை சுமக்கிறது. அந்தச் சுமைக்கு ஈடுகட்ட ஆட்களையும் சரக்கையும் குறைத்திருக்கிறார்கள். குறைந்த பேர் கூடுதல் எரிபொருளின் செலவைப் பகிர்ந்துகொள்வதால்தான் இந்தப் பாதையில் எந்த வகுப்பும் மலிவாகக் கிடைப்பதில்லை.

இதே வழியில் 2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்கள் பறந்தன. 2008-இல் அவற்றை நூறே நூறு பிசினஸ் இருக்கைகள் கொண்டவையாக மாற்றிப் பார்த்தும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் சேவையை நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் நெவார்க் சேவை மீண்டும் தொடங்கியது; ஜேஎஃப்கே நிலையத்துக்கான சேவை 2020 நவம்பரில் சேர்ந்தது. தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல். பயண நேரம் பதினெட்டு மணிக்குக் குறையாது. எனவே இந்தப் பயணத்தில் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டுதான் நான் எதையும் மதிப்பிடுகிறேன்: பதினெட்டு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கும்போது உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதே அது. ஷாம்பெயின் எந்த ஆண்டுச் சரக்கு என்பதெல்லாம் எனக்குப் பொருட்டல்ல.

விமானம் ஏறுமுன் காத்திருக்கும் கூடமான லவுஞ்சிலிருந்து தொடங்குவோம். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் உள்ள, அந்த நிறுவனத்தின் சில்வர்கிரிஸ் லவுஞ்சை ஐந்து கோடி சிங்கப்பூர் வெள்ளிச் செலவில் விரிவாக்கி, 2022-இல் முழுமையாகத் திறந்தார்கள். எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து சுமார் 6,100 சதுர மீட்டர். நுழைவாயிலிலேயே பயணிகளைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். பிசினஸ் பயணச்சீட்டு உள்ளவர்களுக்கு ஒரு கூடம். எகானமியில் பறந்தாலும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு கிரிஸ்ஃப்ளையர் கோல்டு என்று வேறொரு கூடம். முதல் வகுப்பினருக்குத் தனி வாசல். பல நகரங்களில் அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினையின் அருமை புரியும். அப்படியும் இரவு பத்து மணிக்கு மேல் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்படும் விமானங்கள் அடுத்தடுத்து இருக்கும் நேரத்தில் பிசினஸ் கூடம் நிரம்பித்தான் இருக்கும். உள்ளே வந்ததும் உணவுப் பகுதியை ஒட்டி உட்காராமல், சுவரோரமாகத் தனித்தனியாக அமைத்துள்ள வேலை இருக்கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பக்கவாட்டுத் தடுப்பு இருப்பதால் பேச்சுச் சத்தம் ஓரளவு அடங்கும்.

உணவு நன்றாகவே இருக்கிறது. உள்ளூர் உணவுகள் என்பதால் லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் குழம்பில் காய்ந்த இறாலை அரைத்துச் சேர்ப்பது வழக்கம் என்பதைச் சைவக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். மேலே மிதக்கும் டோஃபுவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பரிமாறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு லவுஞ்சில் உணவைவிடக் குளியலறையே முக்கியம். வந்தவுடன் பெயர் கொடுத்துவிட்டு, அழைக்கும்போது போகலாம். ஆனால் உடனே குளித்துவிடாமல், கிளம்புவதற்குச் சற்று முன்பாக முறை வரும்படி கேட்டு வாங்குவதே சரி. அடுத்த குளியல் அமெரிக்காவில் தங்குமிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே வந்து மாறுபவர்களுக்குச் சிக்கல் இல்லை. திருச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ அதன் மலிவுக் கட்டணக் கிளையான ஸ்கூட் விமானத்தில் வருபவர்கள் முதலாம் முனையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் மூன்றாம் முனையத்துக்குச் சில நிமிடங்கள்தான். முதல் விமானம் எந்த வகுப்பாக இருந்தாலும், அடுத்து ஏறப்போவது பிசினஸ் என்றால் லவுஞ்சுக்குள் போகலாம்.

இந்த லவுஞ்சின் வசதியில் மயங்கிப் பலர் நேரத்தைக் கோட்டைவிடுவதற்கு சாங்கியின் அமைப்பே காரணம். அங்கே மூன்றாம் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை குடியேற்றப் பகுதியில் நடப்பதில்லை. ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கிறது. அமெரிக்கா செல்லும் விமானம் என்றால் கேள்விகளும் சோதனையும் கூடுதல். கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை அந்த வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே ‘இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே’ என்று கடைசிக் கோப்பை காபிக்காகக் காத்திருக்கும் பழக்கம் இந்த விமானத்துக்கு ஒத்துவராது.

இனி இருக்கை. 2013-இல் அறிமுகமான வடிவமைப்பின் ஏ350 வடிவம் இது. ஒன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசை, எல்லாருக்கும் நடைபாதையை ஒட்டிய இடம், கதவு கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது இதைவிட வசதியான பிசினஸ் இருக்கையை நான் பார்த்ததில்லை. 28 அங்குல அகலம் என்பது எண்ணாகக் கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும்; ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமுள்ளவர்கள் அந்த அகலத்தில் ஒருமுறை காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். முன்னால் 18 அங்குலத் திரை. தோளுக்கு அருகே சாமான் வைக்கச் சிறு அலமாரி. கண்ணாடியும் போனும் வைக்கத் தனிக் குழி. 2023 ஜூலை முதல் வைஃபையும் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

படுக்கையாக அதே இருக்கை அவ்வளவு சிறப்பானதல்ல. பெரும்பாலான பிசினஸ் இருக்கைகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது மெதுவாகச் சரிந்து படுக்கையாகிவிடும். இதில் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். முதுகுப் பகுதியை முன்னோக்கி மடக்கிக் கவிழ்த்தால் அதன் பின்புறம் படுக்கையாகிறது. நம் ரயிலின் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இரண்டு இருக்கைகளின் முதுகையும் மடக்கி ஒன்றாக்குவோமே, ஏறக்குறைய அந்தக் கதைதான். பணிப்பெண்ணிடம் சொன்னால் அவரே மடக்கி, மெத்தை விரித்து, தலையணை வைத்துத் தருவார். கவிழ்த்த பரப்பு சமதளமாகவும் சற்று உறுதியாகவும் இருப்பதால் முதுகுவலி உள்ளவர்களுக்கு அது உண்மையில் நல்லது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கால் வைக்கும் பொந்து நேர் எதிரே இல்லை. ஒரு மூலையில் இருக்கிறது. ஆகவே 78 அங்குல நீளமும் மூலைவிட்டமாகப் படுத்தால்தான் கிடைக்கும். ஒருக்களித்து முழங்காலை மடக்கித் தூங்குபவருக்கு இது தாராளம். மல்லாந்து நேராகப் படுப்பவருக்கு இரண்டு பாதங்களும் அந்த மூலைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாதி விழிப்பு நிலையில் சற்றே சாய்ந்து புத்தகம் படிக்க வேண்டுமென்றால் படுக்கையைக் கலைத்து மறுபடியும் இருக்கையாக்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை.

இதற்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பகுதியிலும் தடுப்புச் சுவரை ஒட்டியுள்ள முதல் வரிசையில் கால் வைக்குமிடம் இருக்கையின் முழு அகலத்துக்கும் பெஞ்சுபோல நீள்கிறது. அங்கே நேராகப் படுக்கலாம். உயரமானவர்கள் புரண்டும் படுக்கலாம். சீட்டு வாங்கிய அன்றே இருக்கையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வரிசை போய்விடும். கைக்குழந்தைகளுக்கான தொட்டிலை மாட்டும் இடமும் அந்தச் சுவர்தான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.

இந்தப் படுக்கையின் குறைநிறையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பயண நேரத்தின் விசித்திரமான அமைப்பு. நெவார்க் விமானம் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு மறுநாள் விடியற்காலையில் தரையிறங்குகிறது. காலண்டரைப் பார்த்தால் ஒரே இரவு. உண்மையில் அதற்குள் இரண்டு இரவுகளும், நடுவில் பசிபிக் பெருங்கடலின் மேலே சுருங்கிய பகல் ஒன்றும் இருக்கின்றன. ஏறியவுடன் வரும் முதல் தூக்கத்துக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. களைப்பே தூங்க வைத்துவிடும், பிரீமியம் எகானமியில் சாய்ந்தபடியே கூட நாலைந்து மணி நேரம் தூங்கிவிடலாம். விழிக்கும்போது சிங்கப்பூரில் பொழுது விடியப்போகும் நேரமாக இருக்கும். இன்னும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு, உடம்பு மத்தியானம் என்று சாதிக்கும் வேளையில், நியூயார்க்கில் இரவாகிறது. அந்த நேரத்தில் வலிய ஒரு தூக்கத்தை வரவழைத்தால்தான் இறங்கிய நாளை நாளாகக் கழிக்க முடியும். உட்கார்ந்தபடி அந்த இரண்டாவது தூக்கம் வராது. கால் நீட்டிப் படுத்தால் வருகிறது. பிரீமியம் எகானமிக்கும் பிசினஸுக்கும் இடையே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும், என் கணக்கில், அந்த இரண்டாவது தூக்கத்துக்கான விலைதான்.

விமானமும் இதற்குத் துணை செய்கிறது. ஏ350-இன் உடல் கரியிழைக் கலவையால் ஆனது என்பதால் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருக்க முடிகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடிவரை போகும். ஈரப்பதமும் சற்று அதிகம். தொண்டை வறண்டு விழித்துக்கொள்ளும் தொல்லை குறைகிறது என்பதைப் பழைய விமானங்களில் நெடுந்தூரம் போனவர்கள் உணர்வார்கள். வீட்டில் உடுத்தும் பருத்தி உடை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாண்ட் சட்டையோடு பதினெட்டு மணி நேரம் படுத்திருப்பது அந்தப் பணத்துக்குச் செய்யும் துரோகம்.

சாப்பாட்டில் ‘புக் த குக்’ என்ற ஏற்பாடு பெயர்பெற்றது. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னதாகவே இணையத்தில் உணவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். லாப்ஸ்டர் தெர்மிடோர் என்ற கல் இறால் பதார்த்தம் அதன் நட்சத்திரம். பாலாடைக் குழம்பின் கனம் நள்ளிரவுக்கு ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம். சைவக்காரர்கள் இந்திய சைவ உணவை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டால் சோறு, பருப்பு, காய் என்று வயிற்றுக்குப் பழகியதைச் சாப்பிடலாம். முதல் வேளை உணவை லவுஞ்சிலேயே முடித்துக்கொண்டு, ஏறியவுடன் ‘எழுப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் படுப்பதே என் வழக்கம். ஆறு மணி நேரம் கழித்து எழுந்து கேட்டாலும் பணிப்பெண்கள் முகம் சுளிக்காமல் சூடாக ஏதாவது கொண்டுவந்து தருகிறார்கள். இந்த நிறுவனத்தின் பெயர் நிலைத்திருப்பது அந்தக் கவனிப்பால்தான். இருக்கையைப் பற்றி நான் சொல்லும் குறைகள் எதுவும் அதைத் தொடாது.

இருக்கைக்கு வயதாகிவிட்டது என்பது நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கிறது. 110 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் நெடுந்தூர ஏ350 விமானங்களுக்குப் புதிய இருக்கைகளைப் பொருத்தப்போவதாகவும், யுஎல்ஆர் விமானங்களில் முதல் வகுப்பைச் சேர்க்கப்போவதாகவும் 2024 நவம்பரில் அறிவித்தார்கள். ஒவ்வொரு விமானமாக மாற்ற வேண்டியிருப்பதால், சீட்டு வாங்கும்போது இருக்கை வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

போகவும் வரவும் பிசினஸ் எடுக்க வசதியில்லை, ஒரு வழிக்கு மட்டும்தான் முடியும் என்றால், நான் போகும் வழிக்குத்தான் பணம் கொடுப்பேன். நெவார்க்கிலிருந்து திரும்பும் விமானம் காலையில் புறப்பட்டு மறுநாள் மாலை சிங்கப்பூர் வந்து சேர்கிறது. முதல் பாதி உடம்புக்கும் பகல்தான், படம் பார்த்தும் படித்தும் ஓட்டிவிடலாம், ஒரே ஒரு தூக்கம் போதும். நியூயார்க்கில் இந்த நிறுவனத்துக்குச் சொந்த லவுஞ்ச் கிடையாது என்பதால் அந்தப் பக்கத்தில் இழப்பதும் குறைவு. இந்த நிறுவனத்தில் பறந்து சேர்க்கும் கிரிஸ்ஃப்ளையர் மைல்களை ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் செலவழிக்க முடியும் என்பதால் இப்படிப் பிரித்துக்கொள்வது சுலபம். போகும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நெவார்க்கில் காலை ஆறு மணியளவில் வெளியே வந்துவிடுவீர்கள்; ஹோட்டல்கள் பிற்பகலில்தான் அறை கொடுக்கும். முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள், அல்லது அதிகாலையிலேயே கதவைத் திறக்கக்கூடிய உறவினர் யாராவது நியூ ஜெர்சியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காத வசதியல்ல.