பேக்கன் கொழுப்பு எங்கே போய்ச் சேர வேண்டும்?

பேக்கன் சமைப்பதில் பொரிப்பது பாதி, துடைப்பது பாதி. உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி அடுப்பில் ஏறியதும் கொழுப்பு உருகி ஓடுகிறது. இறைச்சியில் தங்கிய ஈரம் நீராவியாகி அந்தக் கொழுப்பை நாலாபுறமும் தெறிக்க வைக்கிறது. ஆகவே எந்த முறையானாலும், கொழுப்பு கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ருசிக்கு வார்ப்பிரும்புச் சட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. சூடேறாத சட்டியில் துண்டுகளைப் பரப்பி மிதமான தீயில் வைத்தால், கொழுப்பு மெல்ல உருகித் தெறிப்பும் ஓரளவு அடங்கும். அப்படியும் அடுப்பு மேடை, பின்சுவர், பக்கத்தில் இருந்த உப்பு டப்பா எல்லாவற்றிலும் பிசுக்கு ஏறிவிடும். மூடி போட்டால் ஆவி அடைத்துத் துண்டுகள் மொறுமொறுப்பை இழக்கும். கம்பிவலை மூடி உதவும். ஆனால் வலைக்கண்களில் அடைத்த பிசுக்கைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும். அதே கொழுப்பில் உடனே முட்டையோ உருளைக்கிழங்கோ பொரிப்பதாக இருந்தால் மட்டுமே நான் சட்டியை எடுப்பேன்.

இரண்டு மூன்று துண்டுகள் போதுமென்றால் மைக்ரோவேவ். தட்டில் கிச்சன் டவல் இரண்டு, மேலே ஒன்று. துண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். காகிதத்தைச் சுருட்டி எறிந்தால் வேலை முடிந்தது. நல்ல கொழுப்பெல்லாம் குப்பைக்குப் போகிறதே என்பதுதான் மனக்குறை.

ஏர் ஃபிரையரைப் பலரும் புகழ்கிறார்கள். இந்த ஒரு வேலைக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. சொட்டும் கொழுப்பு அடித்தட்டில் காய்ந்து புகைகிறது. துளைக்கூடை, அடித்தட்டு இரண்டையும் தேய்க்க வேண்டும். மேலே சூடேற்றும் கம்பியில் படிந்ததை எட்டித் துடைப்பது இன்னும் சிரமம்.

ஒரு பாக்கெட் முழுவதையும் செய்ய ஓவன்தான். விளிம்பு உயர்ந்த தட்டில் அலுமினியத் தாளை ஓரங்களையும் மூடுமாறு விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளைப் போடுங்கள். அலுமினியத் தாளில் மட்டும் வைத்தால் இறைச்சி ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் தாளில் ஒட்டாது. மெழுகுத்தாள் வேறு, அதை ஓவனில் வைக்கவே கூடாது. 200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம், புரட்டவும் தேவையில்லை. கம்பித்தட்டின் மேல் வைத்தால் இன்னும் மொறுமொறுப்பாக வரும் என்பார்கள். அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழுவும் உழைப்புக்கு அது ஈடாகாது.

எந்த முறையானாலும் உருகிய கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர்போல் ஓடும். குழாய்க்குள் ஆறியதும் கட்டியாகிவிடும். 2017இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து இறுகிய அடைப்பு 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. வீடுகளிலும் உணவகங்களிலும் ஊற்றியதெல்லாம் சேர்ந்துதான் அப்படி ஆனது.

ஓவன் தட்டில் சேரும் கொழுப்பு சற்று ஆறியதும் வடிகட்டிக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வேண்டாமென்றால் தாளிலேயே உறையவிட்டு அப்படியே மடித்து எறியலாம். மறுநாள் முட்டைக்கோஸ் வதக்க ஒரு தேக்கரண்டி போதும். அதிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகு உப்பு சேருங்கள்.