மெசோன் இக்கொக்கு: பதினாலு வருடம், மூன்று வாசிப்பு

இந்த மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, யாருக்குப் படிக்கக் கொடுத்தாலும் முதல் வாரத்தில் ஒரே கேள்விதான் திரும்பி வரும். "எப்பதான் அவகிட்ட சொல்லித் தொலைப்பான்?" பதில் எனக்குத் தெரியும். குடிக்காமல், உளறாமல், அவள் முகத்தைப் பார்த்து ஒழுங்காகச் சொல்லி முடிக்க ஏறக்குறைய பதினைந்து தொகுதி ஆகும். அதை முன்னாலேயே சொன்னால் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் "படி, படி" என்று மட்டும் சொல்லி வைப்பேன்.

ருமிக்கோ தகஹாஷியின் 'மெசோன் இக்கொக்கு' 1980 முதல் 1987 வரை ஜப்பானில் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் வந்த தொடர். 161 அத்தியாயங்கள், 15 தொகுதிகள். இதே காலத்தில் அவர் இன்னொரு வார இதழில் 'உருசெய் யாட்சுரா' தொடரையும் வரைந்துகொண்டிருந்தார். அங்கே வேற்றுக்கிரகத்துப் பெண், பறக்கும் தட்டு, இடி மின்னல். இங்கே பாழடைந்த ஒரு மரக்கட்டடம், அதில் வாடகை பாக்கி வைத்திருக்கும் ஆட்கள். இரண்டும் எப்படி ஒரே கையிலிருந்து வந்தன என்பது எனக்கு இன்றுவரை வியப்பு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தோக்கியோவில் மணிக்கூண்டு வைத்த பழைய மாடிக்கட்டடம் இக்கொக்கு-கான். நம்மிடம் ஒண்டுக்குடித்தனம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை அப்படியே பொருத்திக்கொள்ளலாம். அதில் ஐந்தாம் எண் அறையில் கோதாய். பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் தோற்று மறுபடி படித்துக்கொண்டிருக்கும் பையன். படிக்கத்தான் விடமாட்டார்கள். ஒன்றாம் எண் அறை இச்சினோசே அம்மாள், ஆறாம் எண் அக்கெமி, சுவரில் ஓட்டை போட்டு வந்துபோகும் நாலாம் எண் யோத்ஸுயா, எல்லோருக்கும் குடித்துக் கும்மாளமிட அவன் அறைதான் வசதி. பொறுக்க முடியாமல் மூட்டை கட்டும் நாளில் கட்டடத்துக்குப் புது மேனேஜர் வருகிறாள். பெயர் க்யோக்கோ. கூடவே ஒரு பெரிய வெள்ளை நாய். மூட்டை பிரிக்கப்படுகிறது. அவள் அவனைவிட இரண்டு வயது பெரியவள் என்பதும், கல்யாணமாகி ஆறு மாதத்துக்குள் கணவனை இழந்தவள் என்பதும், நாயின் பெயரான சோயிச்சிரோ அந்தக் கணவனின் பெயர் என்பதும் அவனுக்கு மெதுவாகத்தான் தெரியவருகிறது.

முதலில் 2011-இல் படித்தேன். ஹாஸ்டலில் ஒரு தோழியின் பென்டிரைவில் இருந்தது. நேர்மையான வழி இல்லைதான், வேறு வழி அப்போது தெரியவில்லை. மூன்று வாரத்தில் முடித்தோம், இரண்டு பேரும் தொண்டை வற்றச் சண்டை போட்டோம். தோழியின் கட்சி: க்யோக்கோ அநியாயக்காரி. அவனை வேண்டும் என்று சொல்லவும் மாட்டாள், வேறு பெண் போன் செய்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். என் கட்சி: அந்தக் கோபத்தில் அவள் வாசல் பெருக்குகிற அழகுக்கே பதினைந்து தொகுதி படிக்கலாம். இப்போதும் அதே கருத்துதான். இந்தத் தொடரில் க்யோக்கோ வாயால் பேசுவதைவிட விளக்குமாறால் பேசுவது அதிகம். "கோஸுவே-சான் போன் பண்ணியிருக்காங்க" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு அவள் திரும்பி நடக்கும் முதுகை தகஹாஷி வரைந்திருக்கிறார், பாருங்கள். முகமே தேவையில்லை.

தோழி விட்ட இன்னொரு விஷயம் எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. அநியாயம் செய்தவன் கோதாய். கோஸுவே என்ற அந்த நல்ல பெண் தன்னைக் காதலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும், உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் வருடக்கணக்கில் இழுக்கிறான். அவள் வீட்டில் போய்ச் சாப்பிடுகிறான். ஆசிரியரும் அதைச் சிரிப்பாகவே ஓட்டிவிடுகிறார். கடைசியில் கோஸுவே வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போவது அவளுக்கு நல்ல முடிவு, அவனுக்குக் கிடைத்த சலுகை.

சரி, பெரிய புகாருக்கு வருகிறேன். இழுவை. என் தம்பி சொன்னது: "கையில ஆளுக்கு ஒரு போன் இருந்தா ரெண்டு தொகுதியில கதை முடிஞ்சுடும்." பலரும் இதையே சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. இக்கொக்கு-கானில் போன் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அதனாலேயே யாருக்கு யார் போன் செய்தார்கள், என்ன பேசினார்கள் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். கோதாய்க்கு அவளைப் பிடிக்கும் என்று க்யோக்கோவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், குடித்துவிட்டுத் தெருவில் நின்று ஊரே கேட்கக் கத்தியிருக்கிறான். சேதி போய்ச் சேராததா பிரச்சினை? செத்துப்போனவர் ஒருவர் நடுவில் நிற்கிறார், அவரை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த சோயிச்சிரோவின் முகத்தை தகஹாஷி ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. நினைவுகளில் வருவார், புகைப்படத்தில் இருப்பார், முகத்தில் மட்டும் எப்போதும் நிழல். முதல் வாசிப்பில் இதை நான் கவனிக்கவே இல்லை. டென்னிஸ் பயிற்சியாளர் மித்தாக்காவோடு கோதாய் போட்டி போடலாம், ஏனென்றால் மித்தாக்காவுக்குப் பளிச்சென்ற பல் இருக்கிறது, கார் இருக்கிறது, நாயைக் கண்டால் நடுக்கமும் இருக்கிறது. முகமே இல்லாத ஆளோடு எப்படிப் போட்டி போடுவது? இது புரிந்த பிறகு எனக்குப் பாதி இழுவை இழுவையாகத் தெரியவில்லை.

மீதிப் பாதி இழுவைதான், மறைக்க மாட்டேன். கோதாய் பயிற்சி ஆசிரியராகப் போகும் பள்ளியில் யாகமி என்ற மாணவி அவன்மேல் பைத்தியமாகி, அவன் அறைவரை வந்து உட்கார்ந்துகொள்ளும் பகுதி அளவுக்கு மீறி நீளம். முதல் தடவை பக்கம் பக்கமாகத் தள்ளினேன். மூன்றாம் தடவை உட்கார்ந்து படித்தபோது ஒன்று தெரிந்தது: அது க்யோக்கோ படித்த அதே பள்ளி. அவளும் அங்கே பாடம் எடுக்க வந்தவரைத்தான் காதலித்துக் கட்டிக்கொண்டாள். யாகமியைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் தன் பழைய வயதே எதிரில் வந்து நிற்பதால் அவளால் முழுசாகத் திட்ட முடிவதில்லை. யோசனை நல்ல யோசனை. அதற்காக இத்தனை அத்தியாயமா? தவிர, பள்ளி ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலான காதலைக் கதை இத்தனை லேசாக எடுத்துக்கொள்வது இன்று படிக்கும்போது நெருடுகிறது. ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும் ஜோக்குகளும் அப்படியே. இரண்டாம் எண் அறைக்கு வரும் நிக்காய்தோ ஏன் வந்தான், கதைக்கு என்ன செய்தான் என்று யாராவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

(எண் என்றதும் ஞாபகம். ஜப்பானிய எழுத்தில் இவர்கள் பெயரிலேயே அறை எண் ஒளிந்திருக்கிறது. இச்சினோசேயில் ஒன்று, நிக்காய்தோவில் இரண்டு, யோத்ஸுயாவில் நாலு, கோதாயில் ஐந்து, அக்கெமியின் குடும்பப்பெயர் ரொப்போங்கியில் ஆறு. வெளியாட்களான மித்தாக்காவுக்கு மூன்று, யாகமிக்கு எட்டு. க்யோக்கோவின் புகுந்தவீட்டுப் பெயர் ஒத்தோனாஷியில் இருப்பது 'இல்லை' என்று பொருள்படும் எழுத்து, அதாவது பூஜ்யம். மொழிபெயர்ப்பில் இது முழுசாகக் காணாமல் போய்விடும்.)

இழுவை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் மூன்று வாரத்தில் விழுங்குகிறோம், அதுதான் வினை. அந்த இதழை வாங்கியவர்கள் ஆறரை வருடம் படித்தார்கள். கதைக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவு காலம் ஓடுகிறது. வெளியே புத்தாண்டு என்றால் உள்ளேயும் புத்தாண்டு, வெளியே செர்ரி பூத்தால் உள்ளேயும் பூக்கும். கோதாய் கல்லூரிக்குள் நுழைகிறான், பொம்மலாட்டக் குழுவில் சேருகிறான், படித்து முடித்து வேலை கிடைக்காமல் அலைகிறான், காபரே ஒன்றில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறான், கடைசியில் குழந்தைகள் காப்பக ஆசிரியருக்கான தேர்வை எழுதுகிறான். காமெடித் தொடர்களில் பாத்திரங்களுக்கு வயதாகாது, பத்து வருடம் ஆனாலும் அதே வகுப்பு, அதே சீருடை. இதில் ஆகிறது. மூன்றாம் வாசிப்பை நான் வேண்டுமென்றே மாதம் ஒரு தொகுதி என்று வைத்துக்கொண்டேன். யாகமியைத் தவிர வேறெங்கும் அலுக்கவில்லை.

அந்த மூன்றாம் வாசிப்பு விஸ் நிறுவனம் 2020-இல் ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கிய கலெக்டர்ஸ் எடிஷனில். பதினைந்தைப் பத்தாகச் சுருக்கிய தடிமனான புத்தகங்கள், ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமாகப் படிக்கும்படி இருக்கின்றன. தொண்ணூறுகளில் வந்த முதல் ஆங்கிலப் பதிப்பில் படங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பியிருந்தார்கள், வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர் ஆனார்கள். அந்தத் தொல்லை இதில் இல்லை. பெரிய அளவில் பார்க்கும்போது ஓவியம் மாறிக்கொண்டே போவதும் கண்ணில் படுகிறது. முதல் தொகுதி க்யோக்கோவையும் கடைசித் தொகுதி க்யோக்கோவையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுதான் சொல்வீர்கள். விலை குறைவில்லை, ஒரே மூச்சில் வாங்க முடியவில்லை. ஆறாவதை எனக்கு அனுப்பிய ஆன்லைன் கடை வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியதில் முதுகு மடங்கி வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு "படிக்க முடிகிறதா?" என்று பதில். முடிகிறது. கனத்தால் படுத்துக்கொண்டு படிக்க மட்டும் முடிவதில்லை, ஒருமுறை மூக்கில் விழுந்தது.

என் கணவர் மித்தாக்கா கட்சி. "அவன்கிட்ட என்ன குறை?" என்பார். குறை ஒன்றுமில்லை. நாய்ப் பயத்தை விரட்ட நாயே வாங்கி வளர்த்தவன், பொறுமையாகக் காத்திருந்தவன். அவனை ஆட்டத்திலிருந்து விலக்க ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டார் பார்த்த பெண் கர்ப்பம் என்று நினைத்து, பொறுப்போடு கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்கிறான். கர்ப்பம் அவளுடைய நாய். வயிறு வலிக்கச் சிரித்தேன், ஆனாலும் அது ஏமாற்றுவேலை என்று கணவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. க்யோக்கோ அவனை நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சங்கடத்திலிருந்து கதை அவளைக் காப்பாற்றிவிட்டது.

நான் கேட்டதில் விசித்திரமான விமர்சனம் என் பெரியம்மாவுடையது. அவர் இதைப் படிக்கவில்லை. போன வருடம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது, பொழுது போக தினம் சாயங்காலம் நான் கதையாகச் சொன்னேன். பெரியம்மா இருபத்தாறு வயதில் பெரியப்பாவை இழந்தவர். அதை யோசித்துத்தான் முதல் நாள் தயங்கினேன், அவரோ அடுத்த நாள் தானாகவே "அந்த மேனேஜர் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டார். கோதாயின் பரிதவிப்பில் அவருக்கு அக்கறையே இல்லை, "அவன் கெடக்கான்" என்பார். யாகமி வந்தால் "அடுத்தது சொல்லு". அவர் திரும்பத் திரும்பக் கேட்டது மாமனாரைப் பற்றி. இக்கொக்கு-கான் அவருடைய கட்டடம். மருமகளுக்கு அந்த மேனேஜர் வேலையைக் கொடுத்தவர் அவர், நீ சின்னப் பெண், அவனை மறந்து புது வாழ்க்கை பார் என்று மகனின் கல்லறை முன்னாலேயே சொல்பவரும் அவர். நான் ஒரு வரியில் கடந்துபோயிருந்த இடம் அது. பெரியம்மா மறுபடி சொல்லச் சொன்னார். "மாமனாரே சொன்னாரா? நெஜமாவா?"

முடிவைச் சொல்லும்போது எனக்குத்தான் குரல் கம்மியது. கோதாய் தனியாக சோயிச்சிரோவின் கல்லறைக்குப் போய், நான் முதன்முதலாகப் பார்த்தபோதே நீங்கள் அவளுக்குள் இருந்தீர்கள், உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். சற்றுத் தள்ளி நின்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் கல்யாணம் பேசும்போது அவள் கேட்ட வாக்கு ஒன்றுதான்: என்னைவிட ஒரு நாளாவது அதிகம் உயிரோடு இரு. பெரியம்மா கண்ணில் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, அதனால் முகம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் பழைய கணவரின் பொருள்களை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் ஒப்படைக்கப் போவதையும் சொன்னேன்.

"எல்லாத்தையும் குடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா."

"அந்த நாயி?"

நாய் இவர்களோடுதான் இருந்தது என்றேன்.

"பேரை மாத்தினாங்களா?"

இல்லை, சோயிச்சிரோதான், கடைசிப் பக்கங்கள்வரை அதே பெயர்தான் என்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் கணக்குப் போடுவதுபோல விரலை மடக்கினார். "அப்ப அதுக்கு வயசாயிருக்குமே. யாரு பாத்துக்கிட்டா?" என்றார். போய்ப் பத்தாவது தொகுதியை எடுத்துப் பிரித்தேன்.