கரண்ட் லைன் வராத கடற்கரை வீடு: சோலாரா, ஜெனரேட்டரா?

கடற்கரைக்குப் பக்கத்தில், ஊர்க் கரண்ட் எட்டாத ஒரு வீட்டை விடுமுறைக்கு வாடகைக்குத் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று சோலார் பேனலும் பேட்டரியும் வைத்த வீடு, இன்னொன்று ஜெனரேட்டரை நம்பி ஓடுகிற வீடு. படத்தில் இரண்டுமே அழகாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது ராத்திரியில். வெப்பமண்டலத்தில் வருஷம் முழுக்கவே பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதாவது விடுமுறையில் பாதி இருட்டில் கழியும். அதனால் பகலை விடுங்கள், இருட்டியதிலிருந்து விடியும் வரை அந்த வீட்டில் என்ன ஓடும் என்று மட்டும் பாருங்கள்.

ஜெனரேட்டருக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஓடுகிற வரைக்கும் அதற்கு வானத்தைப் பற்றிய கவலை கிடையாது, நாலு நாள் மேகம் மூடினாலும் கெட்டில், அயர்ன் பாக்ஸ், மோட்டார் எல்லாம் ஓடும், கொஞ்சம் பெரிய ஜெனரேட்டராக இருந்தால் ஏசியும்கூட. ஆனால் எரிபொருளும் சத்தமும் சேர்ந்து பல இடங்களில் ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் ஃபேன் இறக்கைகள் மெல்லச் சுற்றி ஓய்ந்து நிற்கும், ஃப்ரிட்ஜ் அடங்கும், சட்டென்று அலைச் சத்தம் காதில் விழுந்து சுகமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கொசுவலைக்குள் காற்று அசையாமல் நின்று, கழுத்தடியில் தலையணை ஈரமாகி, குழந்தை புரண்டு புரண்டு எழுந்துவிடும். அதுதான் அந்த வீட்டின் உண்மையான இரவு. இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது: ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் வைத்திருக்க வேண்டும். படுக்கையறைச் சுவரை ஒட்டியோ, மூடிய வராந்தாவிலோ வைத்திருந்தால் அந்த வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சோலார் வீட்டில் எல்லாமே பேட்டரி கணக்குதான். "200 ஏஎச் பேட்டரி இருக்கு சார்" என்று ஓனர் சொல்வார் (ஏஎச் என்றால் ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு; அதை வோல்ட்டால் பெருக்கினால் யூனிட் கணக்கு வரும்). 12 வோல்ட்டில் அது காகிதத்தில் 2.4 யூனிட். பழைய லெட் ஆசிட் வகை என்றால் பேட்டரி கெடக்கூடாது என்பதற்காகப் பாதிக்கு மேல் இறக்க மாட்டார்கள், கைக்கு வருவது 1.2 யூனிட். லித்தியம் என்றால் கிட்டத்தட்ட 2 யூனிட் வரை எடுக்கலாம். இப்போது செலவைப் பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், இரண்டு ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 1.5 யூனிட். அதாவது லெட் ஆசிட் பேட்டரி விடிவதற்குள்ளேயே இன்வெர்ட்டரைக் கத்த வைத்துவிடும், இதில் ஃப்ரிட்ஜைச் சேர்க்கவே இல்லை. அதே இடத்தில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட்டைக் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் ஃபேன், இரண்டு இருந்தால் 0.6 யூனிட்டில் ராத்திரி முடிந்துவிடும். பேனல் எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஃபேன் என்ன ஃபேன் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கெட்டில், ஹேர் டிரையர் வகையறா பெரும்பாலும் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒரு கிலோவாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. சமையலுக்கு கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேனல் மேல் தென்னை ஓலை நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள், ஒரு மூலையில் விழுகிற நிழல்கூட உற்பத்தியை நன்றாகவே இறக்கிவிடும். விடாத மழைக் காலத்தில் சோலார் மட்டும் போதாது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கரண்ட்டைவிடத் தண்ணீர் பெரிய விஷயம், ஆனால் விளம்பரத்தில் ஒரு வரிகூட இருக்காது. கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஜெனரேட்டர் வீடுகளில் ஓடுகிற ஓரிரு மணி நேரத்துக்குள் தொட்டியை நிரப்ப வேண்டும் என்று இழுத்துத் தள்ளுவார்கள், அப்புறம் குளித்தால் சோப்பு நுரைக்காது. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கிற சிறிய சோலார் பம்பு இந்த இடத்தில் கிணற்றுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. மழைநீர்த் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1000 லிட்டர். தொட்டி வாயில் வலை கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி. குடிக்கத் தனியாகத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

மணலை ஒட்டிய வீடா, கொஞ்சம் உள்ளே தள்ளிய வீடா என்றால் நான் தள்ளிய வீட்டைத்தான் எடுப்பேன். உப்புக் காற்று வயர் இணைப்புகளை அரிக்கும், மணல் பூச்சிக் கடியும் ஓரத்தில்தான் அதிகம். அப்புறம் காற்று: பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், பின்னிரவில் பெரும்பாலும் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கடல் பக்கம் மட்டும் பெரிய ஜன்னல் வைத்த வீடு படத்துக்கு அழகு, தூங்கும் நேரத்தில் புழுங்கும். எதிரெதிரே ஜன்னல் இருக்கிற வீட்டில் ஃபேனுக்கே பாதி வேலைதான். ஆமை முட்டையிடும் கரை என்றால் இன்னொரு காரணமும் உண்டு, கடலைப் பார்த்து எரியும் விளக்கு குஞ்சுகளைத் திசை மாற்றிவிடும், பாவம், அவை கரையிலேயே சுற்றிச் செத்துப்போகும்.

என் தேர்வு: லித்தியம் பேட்டரி, பிஎல்டிசி ஃபேன், சிறிய சோலார் பம்பு உள்ள வீடு, கூடவே அவசரத்துக்கு மட்டும், வீட்டை விட்டுத் தள்ளி ஒரு சிறிய ஜெனரேட்டர். மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டியவர்களும், இரவில் மூச்சுக் கருவி போட்டுத் தூங்குகிறவர்களும் அந்த ஜெனரேட்டர் இல்லாத வீட்டை எடுக்கவே வேண்டாம். முன்பணம் அனுப்பும் முன் ஓனரிடம் பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டின் படத்தையும் கேளுங்கள், மாடலும் அளவும் அதன் மேலேயே எழுதியிருக்கும்; தயங்காமல் அனுப்புகிறவரிடம் மீதியைப் பேசலாம்.