சியோல் போர் நினைவகம்: ஒரு கூட்டணியின் வரவு செலவு

சியோல் நகரின் யோங்சான் பகுதியில் இருக்கும் போர் நினைவகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சம்காக்ஜி நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் வாசலை அடைந்துவிடலாம். வெளிமுற்றத்தில் நிற்கும் பி-52 குண்டுவீச்சு விமானத்தோடும் டாங்கிகளோடும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்கள் பலர். அமெரிக்கா என்ற வல்லரசும் தென் கொரியா என்ற சிறு நாடும் செய்துகொண்ட ராணுவக் கூட்டணி எழுபது ஆண்டுகளாக எப்படி நடந்துவருகிறது என்று அறிய விரும்புபவர்கள் உள்ளே போக வேண்டும். அதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். நான் முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் வந்தேன். அவர்கள் கொடுத்த நாற்பத்தைந்து நிமிடங்கள் முற்றத்திலேயே தீர்ந்துவிட்டதால், மறுநாள் தனியாக மீண்டும் வந்தேன்.

கட்டடத்துக்குள் நுழையும் முன், இருபுறத் தாழ்வாரங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களைப் படித்தபடி மெதுவாக நடப்பது நல்லது. வட கொரியாவுக்கு எதிராகத் தென் கொரியாவின் பக்கம் நின்று கொரியப் போரில் (1950–53) இறந்த அமெரிக்க வீரர்களின் பெயர்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நன்றி என்ற ஒரு சொல்லைக் கல்லிலும் உலோகத்திலும் வடித்ததைப் போன்ற இடம் அது. உள்ளே ஐக்கிய நாடுகள் படைகளுக்கான கூடத்திலும் அதே தொனியே நிலவுகிறது. நினைவகம் என்பது அஞ்சலிக்கான இடம் என்பதால் இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கூட்டணியின் பேரம் எப்படி நடந்தது என்று பார்க்க வருபவர் கொஞ்சம் வரலாற்றைப் படித்துவிட்டு வந்தால், ஒவ்வொரு கூடமும் வேறு விதமாகப் பேசத் தொடங்கும்.

போர் நிறுத்தப் பேச்சு முடியும் தறுவாயில் இருந்த 1953 ஜூன் 18 அன்று, தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, வட கொரியாவுக்குத் திரும்ப விரும்பாத சுமார் 27,000 போர்க் கைதிகளை அமெரிக்காவைக் கேட்காமலே முகாம்களிலிருந்து வெளியேற விட்டார். வாஷிங்டன் கொதித்தது. நாட்டைப் பிரித்தே வைக்கும் போர் நிறுத்தத்தை ஏற்காத அந்த முதியவரைச் சமாதானப்படுத்த அமெரிக்கா கொடுத்த விலைகளில் ஒன்றுதான், அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். ஆயுதத்துக்கும் பணத்துக்கும் வல்லரசையே நம்பியிருந்த சிறு நாடு, முரண்டு பிடிப்பதையே உத்தியாக்கி அதை வளைத்த கதை இது. ஆனாலும் ஒப்பந்தத்தின் வாசகத்தில் அமெரிக்கா தனக்கொரு வாசலைத் திறந்தே வைத்தது: தாக்குதல் நேர்ந்தால் ஒவ்வொரு தரப்பும் தன் அரசியலமைப்பு நடைமுறைகளின்படி செயல்படும் என்றுதான் அது சொல்கிறதே தவிர, உடனே போரில் இறங்கும் என்று சொல்லவில்லை. ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம்.

வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட கொரியப் படைகளுக்கான கூடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1964 முதல் 1973 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தென் கொரிய வீரர்கள் வியட்நாமுக்குப் போனார்கள்; ஏறத்தாழ 5,000 பேர் திரும்பவில்லை. தங்கள் நாட்டிலுள்ள அமெரிக்கப் படைகள் வியட்நாமுக்கு மாற்றப்பட்டுவிடுமோ என்ற அச்சமும், பதிலுக்கு அமெரிக்கா வாக்களித்த நவீன ஆயுதங்களும் டாலர்களும் இந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன. இத்தனைக்கும் பிறகு, கொரிய வீரர்கள் வியட்நாமில் இன்னும் இருந்த 1971-இலேயே அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசு தென் கொரியாவிலிருந்து ஒரு முழுக் காலாட்படைப் பிரிவைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சியோல் தானே அணுகுண்டு செய்யலாமா என்று எழுபதுகளில் ரகசியமாக முயன்றதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மருத்துவ உதவி அனுப்பிய நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருக்கிறது. தமிழகத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் வந்த 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு, 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கியபோது, ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்துத் தன் மருத்துவக் கருவிகளை ரயிலில் ஏற்றித் தப்பியது. எந்த அணியிலும் சேராத நாடு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் செய்த உதவி என்பதால், சுற்றிலுமுள்ள கூட்டணிக் கதைகளுக்கு நடுவே இது தனித்து நிற்கிறது.

இந்த நினைவகம் திறக்கப்பட்டது 1994 ஜூனில். 1950-இல் ஐக்கிய நாடுகள் படைகளின் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரிடம் ரீ ஒப்படைத்த தம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில், அமைதிக்காலத்துக்கான பகுதி மட்டும் தென் கொரியாவுக்குத் திரும்பி வந்தது அதே ஆண்டு டிசம்பரில்தான். போர் மூண்டால் ஒருங்கிணைந்த படைக்குத் தலைமை ஏற்பவர் இன்றும் ஓர் அமெரிக்க ஜெனரல். கொரிய ஜெனரல் அவருக்குத் துணைத் தளபதி. கூடவே, 1991 முதல் அமெரிக்கப் படைகளைத் தன் மண்ணில் வைத்திருக்கும் செலவில் ஒரு பங்கையும் சியோல் செலுத்திவருகிறது.

வெளியே வந்ததும் பக்கத்துச் சாலையோரமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். முதலில் ஜப்பானிய ராணுவமும் பிறகு அமெரிக்க ராணுவமும் குடியிருந்த யோங்சான் முகாமின் சுவர்கள் அங்கே தெரியும். அமெரிக்கப் படைத் தலைமையகம் 2018-இல் தெற்கே பியோங்தேக்குக்குப் போய்விட்டது. முகாமின் ஒரு பகுதியில் இப்போது மக்கள் உலாவும் பூங்கா இருக்கிறது. திங்கட்கிழமைகளில் நினைவகத்துக்கு விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.