அனுராதபுரமா, பொலன்னறுவையா?

சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படிக்கும் பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரே நாள் கூட்டிப்போவதென்றால், இலங்கையின் இந்தப் பழைய தலைநகரங்கள் இரண்டில் எங்கே போவது? கண்டியிலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான்.

பயணம்: அனுராதபுரத்துக்கு ஹட்டனில் ரயிலேறிப் பொல்கஹவலையில் மாறலாம். பொலன்னறுவைக்கு வேன் பிடிப்பதே சுலபம்.

நடை: அனுராதபுரம் பரந்து கிடக்கிறது, வெயிலில் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். பொலன்னறுவை அடக்கமானது, வாடகைச் சைக்கிளிலேயே சுற்றலாம்.

உலகத் தொடர்பு: அனுராதபுரத்தின் அபயகிரி பௌத்த விகாரைக்கு 5ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி பாஹியன் வந்தார். அங்கே யாரோ காணிக்கை வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டு, ஊர் நினைவில் அழுதாராம். பட்டு வணிகம் எவ்வளவு தூரம் வந்தது என்பதை இந்த ஒரு விசிறி போதும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. ஜேதவனாராம தூபியின் செங்கல் மலையை நேரில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டியபோது அதன் உயரம் 120 மீட்டரைத் தாண்டியது.

பொலன்னறுவை சோழர் காலத்தில் ஜனநாதமங்கலம். கருங்கல்லால் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில் இன்றும் நிற்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டோடு. எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித் தங்கள் எழுத்தைத் தேடும் அந்த நேரத்துக்காகவே நான் அங்கே போவேன். அப்புறம் பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளம், பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை.

புத்த சமயமும் பட்டுப்பாதையும் படிப்பவர்களுக்கு அனுராதபுரம், பொசன் போயா என்ற ஜூன் மாதப் பௌர்ணமித் திருநாள் கூட்டம் இல்லாத நாளில். சோழரின் கடல்கடந்த ஆட்சியைப் படிப்பவர்களுக்கும், முதல்முறை போகிறவர்களுக்கும் பொலன்னறுவை.